விசிறி நின்ற அறை

மேசை விசிறி நிற்கும்போது ஒரு சத்தம் வரும். ஓடுகிறபோது எழும் இரைச்சல் பழகிப்போய்க் காதில் விழாது. மின்சாரம் போனதும் இறக்கைகள் மெல்ல வேகம் குறைந்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, கடைசியில் கம்பிக்கூண்டுக்குள் டக்கென்று ஓர் ஓசையோடு நிற்கும். எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு மின்சாரம் போவது என்றால் பனியன் மிஷின்கள் நிற்பது. ஒருவருக்கு மட்டும் அது அந்த டக். அவர் கண்ணைத் திருப்பி விசிறியைப் பார்ப்பார். தலையையும் கொஞ்சம் திருப்பலாம், தோளைச் சிறிது குலுக்கலாம். கழுத்துக்குக் கீழே அவரிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

அவர் என் கணவரின் அண்ணன். எங்கள் பக்கம் மூத்தார் என்போம். மூத்தார் பெயரைத் தம்பி பெண்டாட்டி சொல்லக் கூடாது. எதிரே நின்று பேசக் கூடாது. அவர் வருகிற சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விட வேண்டும். நான் திருப்பூருக்கு வாழ வந்தபோது என் மூத்தார் எழுந்து நடந்து வருகிற நிலையில் இல்லை. ஆனாலும் அந்த விதிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்தால் மற்றது எதுவும் விளங்காது. என்னை முதலில் பேசி முடித்தது அவருக்குத்தான். தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெண் பார்க்க வந்த அன்று நான் காப்பி டம்ளரை நீட்டியபோது, "சூடா இருக்குதுங்க, கீழ வெச்சிருங்க, கை சுட்டுக்கும்" என்று சொன்னார். அவர் கால் கையோடு இருந்த காலத்தில் நான் அவரைப் பார்த்தது அந்த ஒரு தடவை, கேட்டது அந்த ஒரு வாக்கியம். இதைக் காதல் கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி எடுத்துக்கொண்டவர்களால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு நாள் குறித்து ஒரு மாதம் இருக்கையில், சித்திரைக் காற்று ஒன்று அடித்தது. அவர்கள் வீட்டை ஒட்டியிருந்த பனியன் கம்பெனிக்குத் தகரக் கூரை. ஒரு தகரம் பெயர்ந்து படபடவென்று அடித்துக்கொள்ள, கீழே மிஷின்கள் நனைந்துவிடுமே என்று மேலே கல் வைக்க ஏறியிருக்கிறார். காற்று தகரத்தோடு சேர்த்து அவரையும் தள்ளிவிட்டது. துணி அலசுகிற கல்லின் மேல் பிடரி பட விழுந்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்து உயிரோடு திரும்பி வந்தார். கழுத்தெலும்பு முறிந்து உள்ளே நரம்பு நசுங்கிவிட்டது, இனி கையும் காலும் வராது என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பேசின பேச்சு வீணாகக் கூடாது, தம்பி இருக்கிறானே என்று முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. என் கணவரைக் கேட்டிருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

தாலி கட்டி வந்த அன்று ஆசீர்வாதம் வாங்க எங்களை மூத்தார் கட்டிலுக்கு அழைத்துப் போனார்கள். குனிந்து நின்றோம். என் மாமியார் அவருடைய வலது கையைத் தூக்கி முதலில் தம்பியின் தலையிலும் பிறகு என் தலையிலும் வைத்தார். தூக்குகிறவர் ஒருவர், கை இன்னொருவருடையது. ஈர மணல் மூட்டையை வைத்தது போலக் கனத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

முதலில் அவரை வீட்டின் முன்கூடத்தில்தான் போட்டிருந்தார்கள். கம்பெனிக்குச் சரக்கு வாங்க வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். அவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று, நூல் மூட்டை அடுக்கியிருந்த பக்கத்து அறையைக் காலி செய்து அங்கே மாற்றினார்கள். அதற்கும் தகரக் கூரைதான். ஒரு சுவருக்கு அப்புறம் கம்பெனி. சுவர் வழியாக மிஷின் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடப்பார். "மூணாவது மிஷின்ல ஊசி ஒடைஞ்சிருக்குது, தம்பிகிட்டச் சொல்லுங்கம்மா" என்று தன் அம்மாவிடம் சொல்லி அனுப்புவார். போய்ப் பார்த்தால் உடைந்திருக்கும். படுத்துக் கிடக்கிற அண்ணன் சொல்லி, நின்றுகொண்டிருக்கிற தாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று என் கணவருக்கு உள்ளூர ஒரு கடுப்பு இருந்தது. அதை அவர் வாய் திறந்து சொன்னதில்லை. ஊசி மாற்றுகிற வேகத்தில் தெரியும்.

அவருடைய உடம்புக்கான வேலைகளைச் செய்ய ஒரு பெரியவர் காலையும் மாலையும் வருவார். சாயப்பட்டறையில் வெகுநாள் வேலை பார்த்து விரலெல்லாம் நீலம் பாரித்தவர். அவரைச் சாயக்காரர் என்றே கூப்பிடுவோம். மல ஜலம் எடுப்பது, குளிப்பாட்டுவது, சளி கட்டினால் வயிற்றை அமுக்கி இருமவைப்பது எல்லாம் அவர்தான். மூத்தாரால் தானாக இரும முடியாது. உரக்கக் கத்தவும் முடியாது, மூச்சில் அத்தனை பலம் இல்லை. பகலில் சோறு ஊட்டுவதும், இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, கம்பெனி வெட்டுத் துணியை அடைத்துத் தைத்த தலையணைகளை முட்டுக் கொடுப்பதும் என் மாமியார். எனக்கு ஒரு வேலை ஒதுக்கியிருந்தார்கள். வீட்டில் தடங்கலில்லாமல் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் என்பதால், மத்தியானம் செய்தித்தாளை வாசித்துக் காட்ட வேண்டும். அறைக்கு வெளியே, அவர் கண்ணில் படாதபடி சுவரோரம் உட்கார்ந்து வாசிப்பேன். உள்ளேயிருந்து "ம்" என்று வரும். பருத்தி விலை வந்தால் இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்வார். மூன்று வருஷத்துக்கு மேல் அப்படி வாசித்தேன். எங்களுக்குள் இருந்த பழக்கம் அதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

விசிறி வந்தது டாக்டர் சொல்லித்தான். கழுத்துக்குக் கீழே அவருக்கு வேர்க்காது, உடம்பில் சூடு ஏறினால் தானாக இறங்காது, காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வெயில் காலத்தில் ஈரத்துணி போட வேண்டும் என்று அவர் என் மாமியாரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். விசிறியோடு ஒரு மின்மணியும் மாட்டினார்கள். கன்னத்துக்கருகே அகலமான மரப்பட்டை ஒன்று. அதைத் தாடையால் அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். மின்சாரம் இருக்கிற வரை அவருக்குக் காற்று இருந்தது, குரலும் இருந்தது. போய்விட்டால் இரண்டும் போய்விடும்.

அந்தக் காலத்துத் திருப்பூரில் காற்றோடு ஒரு தூறல் விழுந்தாலே கம்பி அறுந்துவிடும். மழை பெய்கிற நேரத்தில் தகரத்தின் மேல் விழுகிற இரைச்சலில் அவர் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. ஒருமுறை கூரை ஒழுகி முழங்காலிலிருந்து பாதம் வரை படுக்கை ஊறிப்போயிருந்தது, அவருக்கே தெரியவில்லை. இன்னொரு முறை கட்டில் ஓரத்தில் வைத்த அரிக்கேன் விளக்கின் சூடான கண்ணாடி அவருடைய கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலி தெரியாத உடம்பு. கருகுகிற வாடை மூக்குக்கு வந்த பிறகு, "ஏனுங்கம்மா, ஏதோ தீயற மாதிரி இருக்குதுங்க, அடுப்பைப் பாருங்க" என்று சொன்னாராம். அந்தப் புண் ஆற ஏழு மாதம் ஆயிற்று.

நான் வந்த நான்காம் வருஷம் சித்திரையில் பெரிய புயற்காற்று ஒன்று அடித்தது. என் கணவர் சரக்கு விஷயமாக வெளியூர் போயிருந்தார். மாமியார் அதற்கு முந்தின நாள்தான் பொங்கலூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். சாயங்காலம் செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு காற்று வந்தது. அரை மணி நேரம்தான். புளியமரங்கள் சாலையை மறித்து விழுந்தன, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அன்றைக்கு மழை பெய்து குளிர்ந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையிலிருந்து வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நனைந்த பூமி ஆவி விட, வெயில் சட்டியில் வேகவைப்பது போல வேகவைத்தது. மின்சாரம் வரவில்லை. பேருந்து ஓடவில்லை, மாமியார் வரவில்லை. சாயக்காரரின் வீடு காற்றில் சரிந்துவிட்டது, அவரும் வரவில்லை. மிஷின் ஓடாததால் கம்பெனியில் ஒருவரும் இல்லை.

காலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கஞ்சி ஊட்டினேன். நாலு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றார். பத்து மணிக்கு ஒருதரம் வெளியிலிருந்தே, "தண்ணி வேணுமுங்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பன்னிரண்டு மணிக்குக் கேட்டேன், பதில் இல்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு உள்ளேயிருந்து பேச்சுக் குரல் வந்தது. யாரோடோ பேசுகிறார். "தகரத்தைப் புடிங்கடா, தகரத்தைப் புடிங்கடா" என்கிறார்.

உள்ளே போனேன். முகம் செங்கல் மாதிரி சிவந்திருந்தது. கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. நெற்றியில் கை வைத்தேன். அதுவரை அவரைத் தொட்டதில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது போலிருந்தது, ஒரு துளி ஈரமில்லை. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். மதில் மேல் தலையை நீட்டி, "ஊட்டுல ஆம்பளைங்க ஒருத்தருமில்லையே கண்ணு, மரம் வெட்டப் போயிட்டாங்களே" என்றார். நீங்களாவது ஒரு கை கொடுங்கள் என்றேன். "நானெப்படி கண்ணு வர முடியும், அந்நிய ஆம்பளை படுத்திருக்கற எடத்துக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அவர் அன்றைக்கே செத்திருப்பார். கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து, ஒரு சாண் ஒரு சாணாக இழுத்து, வாசலைத் தாண்டி வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்தேன். பனியனைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். வேட்டியை உருவினேன். கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினேன். மோட்டார் ஓடாத கிணறு, ஆழம் அதிகம், எத்தனை வாளி என்று தெரியாது. சேலை ஒன்றை நனைத்துப் போர்த்தி, அது காய்வதற்குள் மறுபடி நனைத்து, நடுவில் முறத்தை எடுத்து விசிறி, உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றில் ரத்தம் ஒட்டியது. பிதற்றல் நிற்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பொழுது மேற்கே சாய்ந்தபோது உதட்டை அசைத்துத் தண்ணீர் கேட்டார். ஊற்றினேன். குடித்துவிட்டு மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தன்மேல் கிடப்பது ஈரச் சேலை என்று புரிந்துவிட்டது.

"என்ற வேட்டி எங்கீங்க அம்மிணி?" என்றார்.

உயிர் திரும்பி வந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி அது. எடுத்து வந்து போர்த்தினேன். அவர் கண்ணோரங்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவரால் முடியாது. முந்தானையால் துடைத்துவிட்டேன். நிமிர்ந்தபோது மதில் மேல் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தபோது அந்தத் தலை அங்கே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தது முந்தானை மட்டும்தான்.

மூன்றாம் நாள் மாமியார் வந்தார். வீட்டுக்குள் நுழையும் முன்னரே காதில் போட்டுவிட்டார்கள். என்னை உட்காரவைத்து, என் கையைப் பார்த்து, எண்ணெய் தடவினார். தடவிக்கொண்டே, "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலை கண்ணு. ஆனா மொதல்ல உன்னைப் பேசுனது அவனுக்கல்ல? ஊரு அதை மறந்திருக்கும்னா நெனச்சே?" என்றார். நான்கு வருஷமாக எனக்குக் குழந்தையும் இல்லை. அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட ஆட்கள் இருந்தார்கள்.

என் கணவர் வந்து ஒரு வாரம் வரை ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அண்ணனைக் கேட்டேன். அப்படியொண்ணும் உசுருக்கு மோசமாகலைங்கறாரு. புழுக்கமா இருந்துச்சு, கட்டிலைச் சித்தெ வெளிய போடச் சொன்னேன், அவ்வளவுதான்னு சொல்றாரு" என்றார்.

நடந்ததற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சி இருந்தார். அந்தச் சாட்சி, தான் சாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். அப்படியானால் நான் வேட்டியை உருவியது எதற்கு? பனியனை வெட்டியது எதற்கு? "இனிமே நீ அந்தப் பக்கம் போக வேண்டாம். பேப்பரும் படிக்க வேண்டாம்" என்று என் கணவர் சொன்னார்.

மூத்தார் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. விஷயத்தைச் சின்னதாக்கினால் என் பெயர் தப்பும் என்று நினைத்திருக்கலாம். அல்லது, பெண் பார்க்க வந்து டம்ளரைக் கீழே வைக்கச் சொன்ன மனிதருக்கு, அதே பெண் தன்னை அம்மணமாகக் கிடத்தித் தண்ணீர் ஊற்றினாள் என்பதை வாயால் சொல்ல முடியாமல் போயிருக்கலாம். நல்ல மனதோடு நினைக்கிற நாளில் முதல் காரணத்தை நம்புகிறேன். அப்படிப்பட்ட நாட்கள் குறைவு. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். கையில் உரிந்த தோல் ஆறிய பிறகும் அது ஆறவில்லை. அவரைப் பற்றி யார் பேசினாலும் எழுந்து போய்விடுவேன். மத்தியானத்தில் செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடக்கும். படிக்க ஆளில்லாமல் அவருக்கு உலகம் சுவருக்கு அப்புறம் ஓடுகிற மிஷின்களாகச் சுருங்கிப் போயிற்று. அதுவும் தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

மின்சாரம் இல்லாதபோது கூப்பிடுவதற்குச் சாயக்காரர் ஒரு வழி செய்து கொடுத்தார். மாட்டுக் கழுத்து மணி ஒன்றைச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு கயிற்றை அவர் வாய்க்கருகே கட்டினார். பல்லால் கடித்து இழுத்தால் மணி அடிக்கும். அந்த ஏற்பாடு பல வருஷம் நன்றாகவே நடந்தது. மணி கேட்டால் மாமியார் ஓடுவார். எனக்குக் குழந்தைகள் பிறந்தன. ஊர் வாய்க்கு வேறு தீனி கிடைத்தது. எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

எழுபதுகளில் மின்வெட்டு என்பது தினப்படி ஆயிற்று. கம்பெனியும் பெரிதாகி, காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்கு வாரம் தவறாமல் சரக்குப் போக ஆரம்பித்திருந்தது. மிஷின் நின்றால் சரக்கு நிற்கும் என்று என் கணவர் டீசலில் ஓடுகிற ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிக் கம்பெனிக்குப் பின்புறம் நிறுத்தினார். முதல் நாள் அதை ஓட்டியபோது பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, எல்லாருக்கும் வடை கொடுத்தோம். தெருவே இருளில் கிடக்க, எங்கள் கம்பெனியில் மட்டும் குழல்விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சம் மூத்தாரின் அறைச் சன்னலில் விழுந்தது. உள்ளே விசிறி நின்றிருந்தது. அந்த அறை வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்தது, கம்பெனிக் கம்பியில் இல்லை.

சுவரில் ஓர் ஓட்டை போட்டு ஒரு வயரை இழுத்தால் முடிகிற காரியம். மாமியார் சொன்னார். "வயர்மேன் வரட்டுமுங்கம்மா, சொல்லிப் போடறேன்" என்றார் மகன். வயர்மேன் வேறு வேலைக்கு இரண்டு தடவை வந்து போனார். ஒருநாள் சோறு போடும்போது நானே கேட்டுவிட்டேன். "அந்த ரூமுக்கும் ஒரு வயர் இழுத்துட்டா என்னுங்க? வெயில் காலம் வருதல்ல?"

என் கணவர் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். "உனக்கென்ன அவ்வளவு அக்கறை?" என்றார்.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தின முந்தானை அந்தத் தட்டுக்கு முன்னால் வந்து விழுந்தது. யாரும் மறக்கவில்லை என்று தெரிந்தது. மூத்தாருக்காக நான் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேடாகத்தான் முடியும் என்றும் தெரிந்தது. வயரைப் பற்றி அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. சாயக்காரர் முடியாமல் போய் மகன் வீட்டோடு இருந்துவிட்டார். புதிதாக வந்த ஆள் காலையில் ஒருதரம், பொழுது சாய்ந்தபின் ஒருதரம் வந்து கடமைக்குச் செய்துவிட்டுப் போனான்.

மறுபடியும் ஒரு சித்திரை. முந்தின நாள் பொழுது சாயும்போது அடித்த காற்றில் கம்பம் சாய்ந்து மின்சாரம் போயிருந்தது. மறுநாள் காலையிலேயே ஜெனரேட்டரை ஓட்டிவிட்டார்கள். அன்று மாலைக்குள் ஏற்ற வேண்டிய சரக்கு பாதிதான் ஆகியிருந்தது. மாமியாருக்கு நாலு நாளாகக் காய்ச்சல், எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தார். ஜெனரேட்டர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு, மாட்டு மணி அடித்தது எனக்குக் கேட்டது.

மாமியாருக்குக் கேட்கவில்லை. வேறு யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். அந்த அறையின் வாசலில் நின்று அத்தனை வருஷம் ஆகியிருந்தது. உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. கயிறு அவர் வாயிலிருந்து நழுவிக் கழுத்தோரம் கிடந்தது. நரைத்துப் போயிருந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணை விலக்கிக்கொண்டார்.

"அம்மா இல்லீங்களா?"

"காய்ச்சலுங்க, படுத்திருக்காங்க."

"தம்பி?"

"கம்பெனியிலீங்க. தண்ணி கொண்டாரட்டுங்களா? துணி நனைச்சுப் போடட்டுங்களா?"

சுவருக்கு அப்புறம் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "வேண்டாமுங்க அம்மிணி. நீங்க போங்க. ஆராச்சும் பாப்பாங்க" என்றார்.

நான் போனேன்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வாசலில் பனியன் மடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, "மொதலாளிகிட்ட அவரு அண்ணன் கூப்பிடறாருன்னு சொல்லு, உடனே வரச் சொல்லு" என்று அனுப்பினேன். அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "இந்த லாட்டுச் சரக்கு முடிஞ்சதும் வர்றாராமுங்க" என்றாள். நான் சமையலறையில் உட்கார்ந்து மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அடித்தால் யார் என்ன சொன்னாலும் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அடிக்கவில்லை. யாரோ போய்விட்டார்கள், அதனால்தான் அடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்த வருஷம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டும் பதில் சொல்லாமல் கிடந்தவரைக் கட்டிலோடு இழுத்தவள் நான்தான். மணி அடிக்காததற்கு வேறு என்ன காரணம் இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

மூன்றரை மணிக்கு என் கணவர் போய்ப் பார்த்தார். அவர் கத்திய கத்தல் ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அன்றைக்குத்தான் எங்கள் கம்பெனியில் மிஷின்களைக் கையை ஆட்டி நிறுத்தினார்கள். அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வாசலில் கிடத்தினார்கள். இருட்டுவதற்குள் உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள், வெளிச்சம் வேண்டுமே என்று யாரோ சொன்னார்கள். வயர்மேனுக்கு ஆள் போயிற்று. வந்தார், ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து, வேப்பமரத்தில் இரண்டு குழல்விளக்குகளைக் கட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என் கணவர் அந்த விளக்கைப் பார்த்தபடி துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் அழுதது பொய்யில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த இருபத்தைந்து வருஷமும் அண்ணனைப் பற்றி ஒரு சொல் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. யார் முதலில் கேட்டாலும் மற்றவர் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருந்தது.

இப்போது திருப்பூரில் மின்சாரம் போனால் அடுத்த நொடி ஏதோ ஒன்று தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. மூத்தாரை நான் தொடலாமா என்று கேட்டால் என் மருமகள் சிரிப்பாள். இன்றாக இருந்தால் உள்ளே போயிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. வயசான பிறகு, பயப்பட ஆளில்லாமல் போன பிறகு, அதைச் சொல்ல என்ன தைரியம் வேண்டியிருக்கிறது?

அன்று மாலை பெண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்தார். என் தோளில் முகத்தை வைத்து ஒப்பாரி முடித்து, மூக்கைச் சிந்தி, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "அந்த வருசம் நீ ஒருத்தியா நின்னு தண்ணி எறைச்சு ஊத்தி மனுசனைக் காப்பாத்துனியே கண்ணு. நான்தான் பாத்தேனே. இன்னிக்கும் நீ ஒரு எட்டுப் போய்ப் பாத்திருக்கப்படாதா?"

சுற்றியிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தேனுங்கக்கா" என்றேன். "பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவருக்கு அது புரியவில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, எடுப்பது ராத்திரியா காலையிலா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்க ஆரம்பித்தார்.